கல்லூரி திறக்கும் முன் ஒரு கடிதம்: ஆட்டிசம் உள்ள மாணவர்களுக்கு, வேலூரிலிருந்து

பிளஸ் டூ முடித்துவிட்டு வேலூர்ப் பக்கம் ஏதாவது ஒரு கல்லூரியில் சேரப்போகிற, ஆட்டிசம் உள்ள தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். வீட்டில் அப்பா அம்மாவும் படிக்கலாம். எனக்கு ஊர் குடியாத்தம். பதினாறு வயதில்தான் எனக்கு ஆட்டிசம் என்று தெரிந்தது. வேலூரில் அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றில் பி.எஸ்சி. கணிதம் படித்தேன். முதல் வருடம் வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வந்தேன், அப்புறம் ஹாஸ்டல். இப்போது ஒரு ஆடிட்டர் ஆபீஸில் வேலை செய்கிறேன்.

பாடம் எனக்குச் சுமையாக இருந்ததே இல்லை. பெல் சத்தம், கேன்டீன் கூட்டம், குரூப் செமினார், "நாளைக்கு வா" என்று திருப்பி அனுப்பும் ஆபீஸ், இவைதான் ஆளைச் சாய்த்தன. எனக்கு என்ன வேண்டும் என்பதைத் துல்லியமாக, முன்கூட்டியே, எழுத்தில் கேட்டபோதெல்லாம் பெரும்பாலும் கிடைத்தது. வாயால் சொல்லி, அவர்களாகப் புரிந்துகொள்வார்கள் என்று காத்திருந்தபோது எதுவும் நடக்கவில்லை. கீழே உள்ள எல்லாமே இந்த ஒன்றைச் சுற்றித்தான்.

சான்றிதழ்

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, மொத்தம் 21 வகைக் குறைபாடுகளைக் குறிப்பிடுகிறது. ஆட்டிசம் அதில் ஒன்று. குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று சான்றிதழ் இருந்தால் அரசு கல்லூரிகளிலும் அரசு உதவி பெறும் கல்லூரிகளிலும் 5 சதவீத இட ஒதுக்கீடு உண்டு, வயது வரம்பில் 5 ஆண்டு தளர்வும் உண்டு. நம் மாநிலத்தில் அரசு கலைக் கல்லூரி சேர்க்கையானாலும் பொறியியல் கலந்தாய்வானாலும் மாற்றுத்திறனாளிகள் உள்ளிட்ட சிறப்புப் பிரிவுக்குத்தான் முதலில் நடக்கும். ரிசல்ட் வந்த பிறகு சான்றிதழுக்கு அலைந்தால் அந்தத் தேதி போய்விடும். பிளஸ் டூ அரையாண்டு விடுமுறையிலேயே வேலையை ஆரம்பித்துவிடுங்கள்.

சான்றிதழுக்கு, மத்திய அரசின் ஸ்வாவ்லம்பன் இணையதளத்தில் ஆதாரும் போட்டோவும் கொடுத்து விண்ணப்பிக்க வேண்டும். பிறகு அரசு மருத்துவமனையில் மதிப்பீடு நடக்கும். எந்த மருத்துவமனை, எந்தக் கிழமை என்பதைச் சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையத்திலோ வேறெங்கோ ஏற்கெனவே பார்த்திருந்தால் அந்த ரிப்போர்ட்டுகளையும் கையோடு கொண்டுபோங்கள்.

ஆட்டிசத்தை அளக்க இங்கே பயன்படுத்தும் இந்திய அளவுகோலில் 40 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். அந்த அறையில் புது டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும், பழக்கதோஷத்தில் எல்லாம் சரியாக இருப்பதுபோல் நடந்துகொள்வோம். பெண் பிள்ளைகள் இதில் அதிகம் மாட்டுகிறோம், சிறு வயதிலிருந்தே மறைத்து மறைத்துப் பழகியிருக்கிறோம். அதனால் வீட்டிலேயே ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். "சத்தம் பிடிக்காது" என்று எழுதினால் போதாது. "மிக்ஸி ஓடும்போது வீட்டை விட்டு வெளியே போய்விடுவேன், கல்யாண மண்டபத்தில் மேளம் ஆரம்பித்தால் அன்று இரவு முழுக்கத் தூக்கம் வராது" என்று எழுதுங்கள். மூன்று நான்கு வயதில் எப்படி இருந்தீர்கள் என்பதை அம்மாவிடமோ பாட்டியிடமோ கேட்டு அதையும் சேருங்கள். பழைய ரிப்போர்ட்டில் ஆஸ்பெர்கர் என்று இருந்தால் குழம்ப வேண்டாம். 2013-லிருந்து அமெரிக்க மனநல வகைப்பாட்டில் அதுவும் ஆட்டிசத்துக்குள் வந்துவிட்டது.

இன்னொன்று, இனிஷியல். சான்றிதழில் இனிஷியல் முன்னால், மார்க் ஷீட்டில் பின்னால், ஆதாரில் அப்பா பெயர் முழுதாக என்று இருந்தால் ஒவ்வொரு கவுன்டரிலும் நிற்க வைப்பார்கள். மூன்றும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும்.

40 சதவீதத்துக்குக் கீழே வந்தாலும் கதவு மூடிவிடுவதில்லை. இட ஒதுக்கீடு கிடைக்காது, அவ்வளவுதான். தேவையான ஏற்பாடுகளைக் கேட்கும் உரிமை அந்த 40-ஐ வைத்து மட்டும் தீர்மானிக்கப்படுவதில்லை என்று உச்ச நீதிமன்றம் விகாஷ் குமார் வழக்கில் 2021-ல் சொல்லியிருக்கிறது. அதன் பிறகு, எழுதுவதில் சிரமம் உள்ளவர்களுக்கு 40-க்குக் கீழே இருந்தாலும் தேர்வில் ஸ்கிரைப் (நாம் சொல்லச் சொல்ல எழுதித் தருபவர்), கூடுதல் நேரம் தருவதற்கான வழிகாட்டுதலை மத்திய அரசு 2022-ல் வெளியிட்டது.

திறக்கும் முன் ஒரு நாள்

அட்மிஷன் முடிந்து வகுப்பு தொடங்குவதற்குள் ஒரு வேலை நாளில், கூட்டம் இல்லாத நேரத்தில் கல்லூரிக்குப் போய்வாருங்கள். வாட்ச்மேனிடம் ஃபீஸ் ரசீதைக் காட்டினால் விடுவார். உங்கள் வகுப்பறை எது என்று கேட்டு உள்ளே போய் லைட், ஃபேன் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஐந்து நிமிடம் உட்காருங்கள். எந்த ஃபேன் கடகடக்கிறது, எந்த ட்யூப்லைட் விட்டு விட்டு எரிகிறது, பெல் எந்தச் சுவரில் இருக்கிறது, கழிப்பறை எத்தனை தூரம். எல்லாவற்றையும் ஒரு நோட்டில் படமாக வரைந்துவிடுங்கள். அப்புறம் இடைவேளையில் ஒதுங்க ஓர் இடம் தேடுங்கள். எனக்கு அது லைப்ரரியில் பழைய வினாத்தாள்கள் அடுக்கியிருந்த அலமாரிக்குப் பின்னால் கிடைத்தது. அங்கே யாரும் வரமாட்டார்கள், பழைய காகித வாசனை எனக்குப் பிடிக்கும்.

எழுத வேண்டிய கடிதம்

இந்தக் கட்டுரையில் முக்கியமானது இதுதான். துறைத் தலைவருக்கு நான் கொடுத்த கடிதத்தை, பெயர்களை மட்டும் எடுத்துவிட்டு, கிட்டத்தட்ட அப்படியே தருகிறேன். உங்களுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

"மதிப்பிற்குரிய அம்மா, வணக்கம். நான் முதலாம் ஆண்டு கணிதப் பிரிவு மாணவி. எனக்கு ஆட்டிசம் உள்ளது. சான்றிதழ் நகல் இணைத்துள்ளேன். பாடங்களை நன்றாகப் படிக்க எனக்குக் கீழ்க்கண்ட நான்கு ஏற்பாடுகள் தேவைப்படுகின்றன. ஒன்று, சுவரோரம் இரண்டாவது பெஞ்சில் வருடம் முழுவதும் ஒரே இடம். இரண்டு, அசைன்மென்ட், டெஸ்ட் தேதிகளை வகுப்பில் சொல்வதோடு வாட்ஸாப் குழுவிலோ நோட்டீஸ் போர்டிலோ எழுத்தில் தெரிவித்தல். மூன்று, சத்தம் அதிகமாகித் தாங்க முடியாதபோது அனுமதி கேட்காமல் பத்து நிமிடம் வெளியே சென்று வர இசைவு. அதற்காக வருகைப் பதிவு குறைக்கப்படாதிருத்தல். நான்கு, முதல் செமஸ்டரில் மட்டும் செமினாரை முழு வகுப்பின் முன் இல்லாமல் ஆசிரியர் முன் வழங்குதல். இவற்றால் பிற மாணவிகளுக்கு இடையூறு ஏற்படாது. இதுபற்றிப் பேசத் தாங்கள் ஒரு நாளும் நேரமும் குறிப்பிட்டால் வருகிறேன். இப்படிக்கு, தங்கள் கீழ்ப்படிதலுள்ள."

இதில் ஆட்டிசம் என்றால் என்ன என்ற விளக்கமே இல்லை, கவனித்தீர்களா? வேண்டுமென்றேதான் விட்டேன். பேராசிரியர்கள் பலருக்கு ஆட்டிசம் என்றால் பேச்சு வராத சின்னக் குழந்தை மட்டும்தான் தெரியும். விளக்கம் எழுதினால் அவர்கள் உங்களை அந்த விளக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். "நல்லாத்தானேம்மா பேசற, உனக்கு எங்க இருக்கு?" என்று என்னிடமே கேட்டார்கள். அதற்குப் பதில் சொல்லி வாதாடாமல், "சரிங்க மேம், ரெண்டாவது பெஞ்ச் மட்டும் எனக்குக் குடுத்தீங்கன்னா போதும்" என்றேன். பெஞ்ச் கிடைத்தது. கேட்பது கையால் தொட்டுக்காட்டக்கூடிய ஒன்றாக இருந்தால், தருகிறவருக்கும் அது சுலபம்.

கடிதத்தை இரண்டு நகல் எடுங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றதில் "பெற்றுக்கொண்டேன்" என்று தேதியுடன் கையெழுத்து வாங்குங்கள். கையெழுத்துக் கேட்கச் சங்கடமாக இருந்தால் கல்லூரி ஆபீஸில் தபால் வாங்குகிறவரிடம் கொடுங்கள், அவர் சீல் போட்டே தருவார். துறைத் தலைவர் மாறினாலும், வகுப்புக்குப் பொறுப்பான டியூட்டர் மாறினாலும் அந்தச் சீல்தான் பேசும். ஒவ்வொரு வருடமும் தேதியை மாற்றிப் புதிதாகக் கொடுங்கள். "பாத்துக்கலாம்மா" என்று பதில் வந்தால் அங்கேயே, மரியாதையாக, "எந்தக் கிழமை வரட்டும் மேம், எத்தனை மணிக்கு?" என்று கேளுங்கள். அவர்கள் சொன்ன நாளை அவர்கள் முன்னாலேயே நோட்டில் எழுதுங்கள்.

அப்பா அம்மாவுக்கு ஒரு வார்த்தை. கடிதத்தில் கையெழுத்து பிள்ளையுடையதாக இருக்கட்டும். கூடப் போங்கள், பக்கத்தில் உட்காருங்கள், பேச்சை அவர்களிடமே விடுங்கள். பதினெட்டு வயதுக்கு மேல் கல்லூரி அவர்களிடம்தான் பேச வேண்டும். நீங்கள் பேசத் தொடங்கினால் எல்லாக் கண்களும் உங்கள் பக்கம் திரும்பிவிடும்.

தேர்வு

கூடுதல் நேரத்துக்கான வழிகாட்டுதல் 2018-ல் வந்தது. 40 சதவீதச் சான்றிதழ் உள்ளவர்களுக்கு ஒரு மணி நேரத் தேர்வுக்குக் குறைந்தது 20 நிமிடம் கூடுதல் என்று அது சொல்கிறது. மூன்று மணி நேர செமஸ்டர் தேர்வுக்குக் கணக்குப் போட்டால் ஒரு மணி நேரம். இதை யார் அனுமதிக்க வேண்டும் என்பதில்தான் பலர் நாட்களை இழக்கிறார்கள். உங்கள் கல்லூரி தன்னாட்சிக் கல்லூரியா என்று முதலில் கேளுங்கள். தன்னாட்சி என்றால் கல்லூரியிலேயே இருக்கிற தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர்தான் ஆணை தர வேண்டும். இல்லையென்றால் கலை அறிவியல் கல்லூரிகளுக்குச் சேர்க்காட்டில் உள்ள திருவள்ளுவர் பல்கலைக்கழகம், பொறியியலுக்கு அண்ணா பல்கலைக்கழகம். முதல்வர் வழியாக விண்ணப்பம் போக வேண்டும், பதில் வர வாரக்கணக்கில் ஆகும். செமஸ்டர் ஆரம்பித்த மாதமே கொடுத்துவிடுங்கள். பிளஸ் டூ பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் வாங்கியிருந்தால் அந்த ஆணையின் நகலையும் இணையுங்கள். ஏற்கெனவே ஒரு அரசு ஆணை இருக்கும்போது அடுத்த அதிகாரி தயங்குவதில்லை.

ஆணையில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதையும் நீங்களே எழுதிக் கேளுங்கள். எனக்கு நடந்தது இது. காதை மூடும் சாதாரண இயர்மஃப் போட்டு எழுதிக்கொண்டிருந்தேன். ஒயர் கிடையாது, ப்ளூடூத் கிடையாது. அட்டெண்டர் வந்து, "இன்னாம்மா காதுல மாட்டினு இருக்க?" என்று சத்தமாகக் கேட்டார். ஹால் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. கண்காணிப்பாளர் அதைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டார். மிச்ச நேரம் ஃபேன் சத்தத்தில் என்னால் கேள்வியைப் படிக்கவே முடியவில்லை. அடுத்த செமஸ்டருக்கு என் விண்ணப்பத்தில், "மின்னணுப் பாகம் எதுவும் இல்லாத காது மூடி, சோதித்துப் பார்த்த பின் அணிய அனுமதி" என்று ஒரு வரி சேர்த்தேன். அந்த வரி அப்படியே ஆணையில் வந்தது. பிறகு யாரும் கேட்கவில்லை. மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் ஃபோம் இயர்பிளக் என்றாலும் எழுதி வாங்குவது நல்லது.

தனி அறை கேளுங்கள். கிடைக்காவிட்டால் கடைசி வரிசை, சுவரோரம். கூடுதல் நேரம் தொடங்கும்போது மற்றவர்கள் எழுந்து போகும் சத்தமும், பேப்பர் கட்டும் சத்தமும் தாங்க முடியாது. பொது ஹாலிலேயே உட்கார்ந்தால் அந்த ஒரு மணி நேரத்தில் பாதி வீணாகிவிடும்.

பதில் எவ்வளவு நீளம் எழுதுவது என்பது எனக்குப் பெரிய புதிராக இருந்தது. "சிறு குறிப்பு வரைக" என்றால் எவ்வளவு சிறிது? நான் ஒவ்வொரு பாட ஆசிரியரிடமும் போய், நல்ல மதிப்பெண் வாங்கிய பழைய இன்டர்னல் பேப்பர் ஒன்றைக் காட்டச் சொன்னேன். 2 மார்க்குக்கு எத்தனை வரி, 5 மார்க்குக்கு எத்தனை பக்கம், 10 மார்க்குக்கு எத்தனை பக்கம் என்று எண்ணி, ஒரு அட்டையில் எழுதி வைத்துக்கொண்டேன். நான் செய்ததில் மிகப் பயனுள்ள காரியம் இது. வைவா என்கிற வாய்மொழித் தேர்வுக்கும் அப்படியே. ரெக்கார்டு நோட்டை வைத்து எந்த மாதிரிக் கேள்விகள் வரும் என்று முன்பே கேட்டு வாங்குங்கள்.

கூடப் படிக்கிறவர்கள்

எல்லோரிடமும் சொல்ல வேண்டாம். டியூட்டர், தேர்வுப் பிரிவு, ஒரே ஒரு தோழி அல்லது நண்பன், போதும். அந்த ஒருவரிடம் செய்ய வேண்டியதைத் தெளிவாகச் சொல்லுங்கள்: "நான் பேசாம உக்காந்துட்டேன்னா என்னைத் தொடாத, தண்ணி மட்டும் குடு, பத்து நிமிஷம் விட்டுடு." நம் கல்லூரிகளில் தோளில் சாய்வதும் கைகோத்து நடப்பதும் பாசத்தின் அடையாளம். அது உங்களுக்கு உடம்பு கூசினால் முதல் வாரத்திலேயே சிரித்த முகத்தோடு சொல்லிவிடுங்கள். ஆறு மாதம் பொறுத்துவிட்டுச் சொன்னால் கோபம் என்று எடுத்துக்கொள்வார்கள்.

மனிதர்களைப் புரிந்துகொள்ளும் திறன் நமக்கு இல்லை என்று வெகுகாலம் சொல்லிவந்தார்கள். தானும் ஆட்டிசம் உள்ளவரான டேமியன் மில்டன் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் 2012-ல் இதை மாற்றிப் பார்த்தார். புரியாமை இரண்டு பக்கமும் இருக்கிறது, ஆட்டிசம் இல்லாதவர்களுக்கும் நம்மைப் படிக்கத் தெரிவதில்லை என்றார். ஹாஸ்டல் அறையில் மூன்று பேரோடு இருந்தபோது இதை நான் கண்ணால் பார்த்தேன். லைட் அணைக்கும் நேரம், அலாரம், பாத்ரூம் முறை மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டினோம். அவர்களுக்கும் அதுதான் நிம்மதியாக இருந்தது. குரூப் ப்ராஜெக்டிலும் யாருக்கு எந்தப் பகுதி, எந்தத் தேதி என்பதை முதல் நாளே வாட்ஸாப்பில் போட்டுவிடுங்கள்.

சீனியர் சொன்னால் செய்தாக வேண்டும் என்று எந்த விதியும் கிடையாது. நாம் சொன்னதைச் சொன்னபடி எடுத்துக்கொள்கிறவர்கள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். பாடச் சொன்னால், ஆடச் சொன்னால், பணம் கேட்டால் அது ராகிங். தமிழ்நாட்டில் 1997 முதலே அதற்குத் தனிச் சட்டம் இருக்கிறது. யு.ஜி.சி. உதவி எண் 1800-180-5522, இரவு பகல் எப்போதும் கூப்பிடலாம்.

பொங்கல் விழா, காலேஜ் டே நாட்களில் ஸ்பீக்கர் காது கிழியும். நான் பதிவு மேஜையில் உட்கார்ந்து பெயர் எழுதும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொள்வேன். விழாவிலும் இருந்த மாதிரி, சத்தத்திலிருந்தும் தள்ளி.

பேச்சு நின்றுபோனால்

சுமை மீறிப்போனால் எனக்கு வாய் வராது. காதில் எல்லாம் விழும், பதில் வராது. மயக்கம், வலிப்பு என்று நினைத்துக் கூட்டம் கூடிவிட்டால் நிலைமை இன்னும் மோசமாகும். அதற்காக ஐ.டி. கார்டு உறைக்குள், கார்டுக்குப் பின்னால் ஒரு சின்ன அட்டை வைத்திருந்தேன். "எனக்கு ஆட்டிசம் உள்ளது. இப்போது பேச முடியவில்லை, நீங்கள் சொல்வது கேட்கிறது. மருத்துவ அவசரம் இல்லை. கூட்டத்தை விலக்கி அமைதியான இடத்தில் உட்கார வையுங்கள். அரை மணி நேரத்தில் சரியாகாவிட்டால் இந்த எண்ணுக்கு அழையுங்கள்." கீழே அம்மாவின் நம்பர். ஐ.டி. கார்டின் நாடா கழுத்தை அறுத்தால் கழற்றி ஊக்கு வைத்துச் சட்டையில் குத்திக்கொள்ள அனுமதி கேளுங்கள், தருவார்கள். பல நாட்களாகத் தூக்கம் இல்லாமல், யாரிடமும் பேசப் பிடிக்காமல் இருந்தால் 14416 என்ற டெலி மானஸ் எண் இருக்கிறது, அது அரசின் மனநல உதவி எண். தமிழிலேயே பேசலாம்.

வெயிலும் பஸ்ஸும்

வேலூர் வெயில் ஊரறிந்தது. ஏப்ரல், மே செமஸ்டர் தேர்வுகள் 40 டிகிரியில் நடக்கும். நம்மில் பலருக்குத் தாகம், பசி உடனே உறைக்காது. எனக்குத் தலைவலி வந்த பிறகுதான் காலையிலிருந்து தண்ணீரே குடிக்கவில்லை என்று தெரியும். அதனால் தாகத்தை நம்பாமல் பெல்லை நம்புங்கள். ஒவ்வொரு பெல்லுக்கும் நான்கு மடக்கு. புதுத் துணியை மூன்று நான்கு தடவை துவைத்து, லேபிளைப் பிரித்துவிட்டுப் போடுங்கள்.

குடியாத்தத்திலிருந்து கே.வி.குப்பம், லத்தேரி, காட்பாடி வழியாக வரும் பஸ்ஸில் எட்டு மணிக்கு மேல் நிற்கவே இடம் இருக்காது. நான் அதற்கு முந்தைய பஸ்ஸில் வந்து கோட்டைப் புல்வெளியில், அகழி ஓரம், வகுப்பு நேரம் வரை உட்கார்ந்திருப்பேன். ஸ்பீக்கருக்குக் கீழே உள்ள சீட்டைத் தவிர்த்துவிடுங்கள். பாட்டைக் குறைக்கச் சொல்லிக் கேட்டாலும் பெரும்பாலான கண்டக்டர்கள் கேட்பார்கள்: "அண்ணா, தலைவலி, கொஞ்சம் கம்மி பண்ணுங்கண்ணா." ஆற்காடு ரோடு, சி.எம்.சி. வாசல் பக்கம் மாலையில் நடந்து போகாமல் சுற்றிப் போவது மேல்.

கடைசி வருடம்

கேம்பஸ் இன்டர்வியூவுக்கும் அதே மாதிரிக் கடிதம்தான். பிளேஸ்மென்ட் அதிகாரி வழியாக, கேள்விகளை எழுத்தில் தர முடியுமா, குரூப் டிஸ்கஷனுக்குப் பதிலாக எழுத்துத் தேர்வு வைக்க முடியுமா என்று கேளுங்கள். சில கம்பெனிகள் ஒப்புக்கொள்ளும், சில ஒப்புக்கொள்ளாது. அரசு வேலையில் மாற்றுத்திறனாளிகளுக்கு 4 சதவீதம். அதில் ஒரு சதவீதம் ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய் உள்ளிட்ட பிரிவுகளுக்குச் சேர்த்து வரும். விண்ணப்பத்தில் எந்தப் பிரிவு என்று கேட்கும் கட்டத்தில் சான்றிதழில் உள்ளபடியே நிரப்புங்கள். சான்றிதழில் செல்லுபடியாகும் தேதி போட்டிருந்தால் அது முடியும் முன்பே, கல்லூரியில் இருக்கும்போதே, புதுப்பித்துவிடுங்கள். வேலைக்குச் சேர்ந்த பிறகு வார நாளில் லீவு கேட்டுச் சத்துவாச்சாரி வரை போய் நிற்பது கஷ்டம்.